பழைய பவர் ஆம்ப்ளிஃபையரில் ஹம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பீக்கரில் விடாமல் "உம்ம்" என்று இரையும் ஹம் கேட்டதும், "ஃபில்டர் கண்டென்சரை மாற்று" (பவர் சப்ளையின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் பெரிய கண்டென்சர்) என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் யோசனை. நாற்பது, ஐம்பது வருடம் ஓடிய ஆம்ப்ளிஃபையரில் அது பல சமயம் சரியாகவும் அமைந்துவிடும். ஆனால் கண்டென்சர் எல்லாம் புதிதாகப் போட்ட பிறகும் அதே "உம்ம்" வந்து நின்றால், ஹம் வேறு வாசல் வழியாக நுழைகிறது என்று பொருள். அந்த வாசல் எது என்று தெரியும்வரை சால்டரிங் அயர்னைச் சூடாக்க வேண்டாம். கீழே உள்ள ஹெர்ட்ஸ் எண்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் 50-ஐ 60 என்றும் 100-ஐ 120 என்றும் படித்துக்கொள்ளவும்.

சத்தத்தை வைத்தே காரணத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ வால்வைச் (பழைய கண்ணாடிக் குழாய்) சூடாக்கும் ஹீட்டரின் ஏசியோ சிக்னலில் கலந்தால் வருவது 50 ஹெர்ட்ஸ்: கரகரப்பில்லாத, அடியிலிருந்து எழும் "ஊம்". ஏசியை டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபையரைத் தாண்டி வடிகட்டப்படாமல் மிஞ்சும் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். அது ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் உராய்வோடு கேட்கும். "கொர்ர்" என்று கூர்மையாக இரைந்தால் ஷீல்டு விட்டுப்போன கேபிள், லைட் டிம்மர், அல்லது கண்டென்சர் சார்ஜ் ஆகும் துடிப்புகள் கிரவுண்டு வயரில் ஓடுவது ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

காதுக்குப் பழக்கம் இல்லையென்றால், போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் மூலம் 50, 100 இரண்டையும் ஹெட்போனில் மாறி மாறிக் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள். போனின் சொந்த ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவும்: பிரிட்ஜில் (நான்கு டையோடு சேர்ந்த ரெக்டிஃபையர்) ஒரு டையோடு ஓப்பன் ஆகிவிட்டால் அரை அலைதான் வரும். அப்போது பவர் சப்ளைக் கோளாறும் 50 ஹெர்ட்ஸாகவே கேட்கும்.

பெட்டியைத் திறக்காமல் என்னென்ன பார்க்கலாம்?

பாதி வேலை வெளியிலேயே முடிந்துவிடும். முதலில் இரண்டு ஷார்ட்டிங் பிளக் செய்துகொள்ளுங்கள். ஆர்சிஏ பிளக்கின் நடு முள்ளையும் வெளி வளையத்தையும் உள்ளே ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் போதும். இதை இன்புட்டில் மட்டுமே செருக வேண்டும். ப்ரீ அவுட், டேப் அவுட் போன்ற அவுட்புட்டுகளில் செருகக் கூடாது.

எல்லா இன்புட் கேபிளையும் கழற்றுங்கள். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். பயன்படுத்தும் இன்புட்டில் ஷார்ட்டிங் பிளக்கைச் செருகி, வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாகக் கூட்டிக்கொண்டே கேளுங்கள்.

ஹம் அடியோடு போய்விட்டால் ஆம்ப்ளிஃபையர் குற்றவாளி அல்ல. கேபிள், இணைத்திருந்த கருவி, எர்த் லூப் (இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து உண்டாக்கும் வளையம்) ஆகியவற்றைத் தேடுங்கள். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் கூட்டினாலும் ஒரே அளவில் ஹம் வந்தால், அது வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிறகு நுழைகிறது: பவர் சப்ளை, டிரைவர், அவுட்புட் பகுதி. வால்யூமோடு கூடினால் அதற்கு முந்தைய பகுதி. வால்யூம் திருகின் நடுப்பாகத்தில் மட்டும் அதிகமாகி, இரண்டு முனையிலும் குறைந்தால் அது தனி ரகம். இன்புட் ஷார்ட் ஆகியிருக்கும்போது வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலில் தெரியும் மின்தடை நடு நிலையில்தான் உச்சம். 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரில் அது 25 கிலோ ஓம். ஆகவே அங்கிருந்து அடுத்த நிலைக்குப் போகும் வயரின் ஷீல்டைப் பாருங்கள்.

1970-களின் இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபையர் (ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப் இரண்டும் ஒரே பெட்டியில்) பலவற்றில் பின்பக்கம் ப்ரீ அவுட், மெயின் இன் இரண்டையும் இணைக்கும் 'யு' வடிவ உலோகத் துண்டு இருக்கும். பவரை ஆஃப் செய்து அதைக் கழற்றி, மெயின் இன்னில் ஷார்ட்டிங் பிளக்கைச் செருகினால் பவர் பகுதி தனியாகிவிடும். அந்தத் துண்டே கறுத்துப்போய் ஹம்முக்குக் காரணமாக இருப்பதும் சகஜம். கழற்றியதும் தேய்த்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.

கேபிளைக் கழற்றினால் ஹம் போய்விடுகிறது. அடுத்து?

ஒவ்வொரு கருவியாகத் திரும்ப இணையுங்கள். எதைச் செருகும்போது ஹம் வருகிறதோ, அதற்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையே இரண்டு எர்த் பாதைகள் இருக்கின்றன: ஒன்று பவர் கார்டு வழியாக, இன்னொன்று சிக்னல் கேபிளின் ஷீல்டு வழியாக. இந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் ஷீல்டின் மின்தடையில் சில மில்லிவோல்ட்டை உண்டாக்குகிறது. அதுவும் ஒரு சிக்னல் என்று நினைத்து ஆம்ப் அதைப் பெருக்கித் தருகிறது. கேபிள் டிவி இணைப்பு, சார்ஜரோடு இணைந்த லேப்டாப் இரண்டும் அடிக்கடி பிடிபடுபவை. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓடவிட்டதும் ஹம் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

எல்லாக் கருவிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகிப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் சிக்னல் பாதையில் 10 கிலோ ஓமுக்கு 10 கிலோ ஓம் ஆடியோ ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். சின்னஞ்சிறிய ட்ரான்ஸ்ஃபார்மர்கள் பேஸைக் குறைத்துவிடும், கொஞ்சம் நல்லதாகவே வாங்குங்கள்.

எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஹம் நிற்கிறதே, அப்படியே விடலாமா?

கூடாது. உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் கெட்டால் ஃபியூஸ் போவதற்குப் பதில் சேசிஸில் (உலோகப் பெட்டியில்) மெயின்ஸ் மின்சாரம் ஏறி நிற்கும். சேசிஸ் எப்போதும் நேரடியாக எர்த்தோடு இருக்க வேண்டும். லூப்பை உடைக்க வேண்டுமென்றால் சிக்னல் கிரவுண்டுக்கும் சேசிஸுக்கும் இடையில் மட்டும் உடையுங்கள்: 10 ஓம் ரெசிஸ்டர், அதற்கு இணையாக 100 நானோஃபாரட் கண்டென்சர், 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்று. பிரிட்ஜின் பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துவிட்டு, இரண்டு ஏசி கால்களையும் பயன்படுத்த வேண்டும். சிறு லூப் மின்னோட்டத்தை ரெசிஸ்டர் அடக்கும். பெரிய கோளாறு வந்தால் டையோடுகள் கடத்தி ஃபியூஸை எரிக்கும். இந்த முறை பலிக்க, ஆர்சிஏ சாக்கெட்டுகளும் சேசிஸில் படாமல் இன்சுலேட் ஆகியிருக்க வேண்டும்.

இரண்டு பின் கார்டோடு வந்த மிகப் பழைய செட்டுகளில் மெயின்ஸ் வயருக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு பேப்பர் கண்டென்சர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் சேசிஸைத் தொடுபவருக்கு ஆபத்து. வெட்டி எடுத்துவிட்டு மூன்று பின் கார்டு போட்டுவிடுங்கள். ஆனால் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரே இல்லாமல், சேசிஸ் நேராக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும் செட்டுக்கு இந்த மாற்றம் பொருந்தாது.

டர்ன்டேபிளில் மட்டும் ஹம் வருகிறது.

டர்ன்டேபிளின் ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவதே சில மில்லிவோல்ட்தான். ஃபோனோ நிலை அதைச் சுமார் 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு பெருக்குகிறது. அதனால் மற்ற இன்புட்டில் தெரியாத குறைகூட இங்கே கூப்பாடு போடும். முதலில் தனி கிரவுண்டு வயர் ஆம்பின் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கார்ட்ரிட்ஜின் நான்கு வயர்கள்: வெள்ளை இடது, நீலம் இடது கிரவுண்டு, சிவப்பு வலது, பச்சை வலது கிரவுண்டு. கார்ட்ரிட்ஜிலிருந்து வயரைக் கழற்றிய பிறகே மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்க்கவும்.

டோன்ஆர்மைக் கையால் தட்டின் நடுப்பக்கம் கொண்டுபோகும்போது ஹம் கூடினால், கார்ட்ரிட்ஜ் ஏதோ ஒரு காந்தப்புலத்தை உறிஞ்சுகிறது. ஆம்ப்ளிஃபையரை அரை மீட்டர் தள்ளி வைத்துக் கேளுங்கள்.

உள்ளே கை வைப்பதற்கு முன் என்ன பாதுகாப்பு?

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதாது. ட்ரான்ஸிஸ்டர் ஆம்பின் ஃபில்டர் கண்டென்சரில் 30 முதல் 70 வோல்ட் வரை, வால்வு ஆம்பில் 300 முதல் 500 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள்; கண்டென்சரும் கெடும், உலோகமும் தெறிக்கும். ட்ரான்ஸிஸ்டர் ஆம்புக்கு 100 ஓம் 10 வாட், வால்வுக்கு 10 கிலோ ஓம் 10 வாட் வயர்வவுண்டு ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்போடு பத்து விநாடி பிடியுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர் 100 ஓம் வழியாக ஐந்து விநாடியில் காலியாகிவிடும். காலியானதை மீட்டரில் பார்த்த பிறகுதான் விரல் உள்ளே போக வேண்டும்.

முதல் தடவையும், ஏதாவது மாற்றிய பிறகும், 60 அல்லது 100 வாட் இழை பல்பை மெயின்ஸில் தொடராக வைத்து ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

ஃபில்டர் கண்டென்சர்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

உப்பியிருக்கிறதா, ஒழுகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பார்வைக்குப் புதுசு போல இருந்துகொண்டு உள்ளே காய்ந்துபோன கண்டென்சர்கள் ஏராளம். அதேபோல மேல்பக்கப் பிளாஸ்டிக் உறை சுருங்கியிருந்தும் முழு மதிப்போடு வேலை செய்பவையும் உண்டு. கண்டென்சரின் அடியில் போர்டில் காணும் பழுப்பு நிறக் கறையும் பல சமயம் தொழிற்சாலையில் தடவிய பசைதான். ரிப்பிளை அளந்தால்தான் உண்மை தெரியும்.

பவர் ஆனில், சிக்னல் இல்லாமல், கண்டென்சரின் இரு முனைக்கும் இடையே மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளவிடவும். சில மலிவான மீட்டர்கள் ஏசி நிலையிலும் டிசியைச் சேர்த்துக் காட்டும். ஒரு மின்கலத்தில் ஏசி அளந்து பாருங்கள். பூஜ்யம் காட்டாவிட்டால் மீட்டரின் அளவிடும் முனையோடு 0.47 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கண்டென்சரைத் தொடராகச் சேர்க்க வேண்டும். அதன் வோல்ட் அளவு சப்ளையைவிட அதிகமாக இருக்கட்டும்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. மின்னோட்டத்தை, ரிப்பிளின் ஹெர்ட்ஸான 100-ஐயும் ஃபாரட் மதிப்பையும் பெருக்கி வருவதால் வகுத்தால் உச்சிக்கு உச்சி ரிப்பிள் வரும். சும்மா இருக்கும்போது ஸ்டீரியோ ஆம்ப் 0.15 ஆம்பியர் இழுக்கிறது, கண்டென்சர் 4,700 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம்: 0.15 வகுத்தல் 0.47, சுமார் 0.32 வோல்ட். ரம்பப்பல் வடிவ அலைக்கு மீட்டர் இதில் ஏறக்குறைய மூன்றரையில் ஒரு பங்கைத்தான் காட்டும், அதாவது 0.09 வோல்ட். உங்கள் மீட்டர் 0.5 வோல்ட் காட்டினால் ஏதோ தவறு.

அந்தத் தவறு கண்டென்சரில்தான் என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். ஆம்ப் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்தாலும் ரிப்பிள் கூடும். அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர்களின் எமிட்டர் ரெசிஸ்டரில் டிசி மில்லிவோல்ட்டை அளந்து பாருங்கள். 0.33 ஓமில் 10 மில்லிவோல்ட் என்றால் 30 மில்லிஆம்பியர், நியாயமான அளவு. அங்கே 100 மில்லிவோல்ட் இருந்தால் பயாஸ் ட்ரிம்பாட் (சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை அமைக்கும் சிறு திருகு) கெட்டிருக்கும். அப்படிப்பட்ட ஆம்பில் ஹீட்சிங்க் சும்மா இருக்கும்போதே கொதிக்கும்.

பிளஸ், மைனஸ் என இரண்டு சப்ளை இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் ரிப்பிள் பல மடங்கு என்றால் அந்தப் பக்கக் கண்டென்சர். ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றால் டையோடைப் பாருங்கள். பவரை ஆஃப் செய்து, கண்டென்சரைக் காலி செய்து, டையோடு நிலையில் அளந்தால் நல்ல சிலிக்கன் டையோடு 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும்.

பழைய கண்டென்சருக்கு இணையாகப் புதியதைத் தொட்டுப் பார்க்கலாமா?

செய்யலாம், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது தொடக் கூடாது. காலியான புதுக் கண்டென்சர் ஒரே கணத்தில் சார்ஜை இழுத்துப் பொறி பறக்கும், டையோடும் போகும். ஆஃப் செய்து, காலி செய்து, கிளிப் மாட்டி, பிறகு ஆன் செய்யுங்கள். ஹம் குறைந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். கெட்டதை அப்படியே விட்டு மேலே ஒன்றை ஒட்டவைப்பது நாளைக்கு ஷார்ட்டை வரவழைக்கும்.

என்ன மதிப்பில் மாற்றுவது?

அதே மைக்ரோஃபாரட் அல்லது அதைவிட ஒன்றரை மடங்குவரை, வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி ரகம். 220 வோல்ட்டுக்குச் செய்த ஆம்ப் 240-இல் ஓடினால் உள்ளே எல்லா வோல்ட்டும் ஒன்பது சதவீதம் கூடும், அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். "இன்னும் பெரிசாகப் போட்டால் இன்னும் சுத்தம்" என்று நான்கு மடங்கு போட்டால் சார்ஜ் துடிப்பு கூர்மையாகி, கிரவுண்டு வயரிங் வழியாகக் "கொர்ர்" அதிகமாகிவிடும். வால்வு ரெக்டிஃபையர் என்றால் முதல் கண்டென்சருக்கு உச்சவரம்பு உண்டு: ஜிஇசட்34-க்கு 60 மைக்ரோஃபாரட், இஇசட்81-க்கு 50. அதைத் தாண்டினால் வால்வு சீக்கிரம் போகும்.

கண்டென்சர் மாற்றிய பிறகுதான் ஹம்மே வந்தது. ஏன்?

கிரவுண்டு வயர் இடம் மாறியிருக்கும். ட்ரான்ஸ்ஃபார்மரின் சென்டர் டேப்பிலிருந்து (சுற்றின் நடுவிலிருந்து வரும் இணைப்பு) இரண்டு கண்டென்சர்களும் சேரும் இடத்துக்கு, ஒவ்வொரு அரை சுற்றிலும் பல ஆம்பியர் துடிப்பு பாய்கிறது. ஐந்து சென்டிமீட்டர் வயரானாலும் அதில் மில்லிவோல்ட் கணக்கில் அழுத்தம் எழும். அந்த வயர்மேல் எங்காவது இன்புட் கிரவுண்டைச் சேர்த்துவிட்டால், அந்தத் துடிப்பு முழுதும் சிக்னலாகிவிடும். ஆகவே சென்டர் டேப் நேராகக் கண்டென்சர்கள் சேரும் இடத்துக்கு வரட்டும். அங்கிருந்து ஒரே ஒரு தடித்த வயர் தனியான நட்சத்திரப் புள்ளிக்குப் போகட்டும். ஸ்பீக்கர் கிரவுண்டு, போர்டு கிரவுண்டு, இன்புட் கிரவுண்டு எல்லாம் அந்தப் புள்ளியில் கூட வேண்டும். கழற்றும் முன் இரண்டு கோணத்தில் போட்டோ எடுத்துவைத்தால் இந்தத் தொல்லையே இருக்காது.

ஒரே ஒரு சேனலில் மட்டும் ஹம்.

பவர் சப்ளை பொதுவானதாக இருந்தால் பெரிய கண்டென்சர்களை விட்டுவிடுங்கள். அந்தச் சேனலின் ஆர்சிஏ சாக்கெட்டில் ஈயப்பற்று வெடித்திருக்கலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி மெல்லிய கருவளையம் தெரியும். வால்யூம் கண்ட்ரோலின் கிரவுண்டு கால், ஷீல்டு கேபிளின் பின்னல், அந்தப் போர்டில் உள்ள 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் சிறு டிகப்ளிங் கண்டென்சர் ஆகியவை அடுத்து. ஆன் செய்து, காய்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு வயரையும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஹம் துள்ளும் இடம்தான் நோய்.

பலத்த ஹம்மோடு ஸ்பீக்கர் கோன் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது.

உடனே ஆஃப். அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர் ஷார்ட் ஆகி, சப்ளையின் டிசியும் ரிப்பிளும் நேராக ஸ்பீக்கருக்குப் போகிறது. விநாடிகளில் ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) எரியும். ஸ்பீக்கரைக் கழற்றி, தொடர் பல்போடு ஆன் செய்து, ஸ்பீக்கர் முனையில் டிசி பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் வரும்வரை ஸ்பீக்கர் திரும்ப ஏறக் கூடாது.

வால்வு ஆம்பில் தனியாக எதைப் பார்ப்பது?

மூன்று இடம். முதலாவது ஹீட்டர். 6.3 வோல்ட் ஏசி லைனின் நடுப்புள்ளி கிரவுண்டோடு சேர்ந்திருக்க வேண்டும். சென்டர் டேப் இல்லாத செட்டில் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்கள் அந்த வேலையைச் செய்யும். அவுட்புட் வால்வு ஒருமுறை ஷார்ட் ஆகியிருந்தால் இதில் ஒன்று கருகிப்போயிருக்கும். முன்நிலை இசிசி83 வால்வில் ஹீட்டரிலிருந்து கேதோடுக்குக் கசிவு இருந்தாலும் ஹம் வரும். வேறு வால்வு மாற்றிப் பார்ப்பதே சுருக்கு வழி. கசிவு சிறியதென்றால் ஹீட்டர் நடுப்புள்ளியைக் கிரவுண்டுக்குப் பதில் 30 முதல் 40 வோல்ட் டிசியில் உட்காரவைத்தால் அடங்கும். 400 வோல்ட் சப்ளையிலிருந்து 470 கிலோ ஓம், 47 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து, கீழுள்ளதற்கு இணையாக 22 மைக்ரோஃபாரட் வைத்தால் சுமார் 36 வோல்ட் கிடைக்கும்.

இரண்டாவது, புஷ்-புல் ஜோடி, அதாவது சேர்ந்து வேலை செய்யும் இரண்டு அவுட்புட் வால்வுகள். சப்ளையின் ரிப்பிள் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரு பாதியிலும் எதிரெதிராகப் பாய்ந்து தானே அழிந்துகொள்கிறது. அந்தச் சமநிலையை நம்பித்தான் பழைய வடிவமைப்பாளர்கள் சிறிய கண்டென்சரோடு நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு இஎல்34 வால்வுகளில் ஒன்று தளர்ந்துவிட்டால், கண்டென்சர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 100 ஹெர்ட்ஸ் எட்டிப்பார்க்கும். இரண்டின் கேதோடு மின்னோட்டத்தையும் அளந்து பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, கேன் கண்டென்சரின் (ஒரே கேனில் பல கண்டென்சர்கள்) கிரவுண்டு. இது பலர் கண்ணில் படாமல் தப்பிவிடும். அலுமினியக் கேனை சேசிஸில் செருகி, அடியில் நான்கு காதுகளை முறுக்கியிருப்பார்கள். நடு அட்டையில் ஒவ்வொரு முனையின் அருகிலும் அரைவட்டம், சதுரம், முக்கோணம் என்று வெட்டிய குறி இருக்கும். எது எந்தப் பகுதி என்பதற்கு அதுவே அடையாளம். உள்ளே உள்ள எல்லாப் பகுதிகளுக்கும் மைனஸ் அந்தக் காதுகள்தான். வருடக்கணக்கான சூட்டில் காதுக்கும் சேசிஸுக்கும் நடுவே துரு ஏறினால் மூன்று பகுதிகளும் ஒரே சமயத்தில் ஊனமாகிவிடும். கேனை விரலால் அசைக்காதீர்கள், குச்சியால் தட்டுங்கள். ஹம் மாறினால் காதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, 80 அல்லது 100 வாட் அயர்னால் ஈயம் வையுங்கள். சேசிஸ் சூட்டை உறிஞ்சிவிடுவதால் 25 வாட் அயர்ன் அங்கே பற்றவைக்காது.

ஸ்பீக்கரைக் கழற்றினாலும் பெட்டியிலிருந்தே "உம்ம்" வருகிறது.

அது ட்ரான்ஸ்ஃபார்மரின் முனகல். பெட்டியோடு அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை இறுக்கி, கீழே ரப்பர் வாஷர் வையுங்கள். வோல்டேஜ் செலக்டர் சரியான டேப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வளைய வடிவ டொராய்டல் ட்ரான்ஸ்ஃபார்மர் மெயின்ஸில் உள்ள சிறு டிசிக்கே முனகும். ஒற்றை டையோடால் வேகம் குறைக்கும் ஹேர் டிரையரைக் குறைந்த நிலையில் ஓடவிட்டால் முனகல் கூடுவதை வைத்து இதைப் பிடித்துவிடலாம்.

எவ்வளவு ஹம் இருந்தால் சரி என்று விட்டுவிடலாம்?

இன்புட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் வைத்து, ஏசி மில்லிவோல்ட் அளவிடவும். 1 மில்லிவோல்ட் என்றால், 2.83 வோல்ட்டுக்கு 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கரில் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 21 டெசிபெல். அமைதியான அறையிலும் காதை ஸ்பீக்கரில் ஒட்டினால்தான் கேட்கும். 10 மில்லிவோல்ட் என்றால் 41 டெசிபெல், சோபாவில் உட்கார்ந்தே கேட்கும். 100 டெசிபெல் ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு 1 மில்லிவோல்ட்டே தொந்தரவாக இருக்கலாம். பழைய வால்வு ஆம்பில் 2 மில்லிவோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டால் அதற்கு மேல் வயரைப் பிரிக்காதீர்கள்.